செட்டிநாட்டு வீட்டைச் சொகுசு ஹோட்டலாக்குவது: உள்வேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளை ஹோட்டலாக்க வேண்டும் என்று வருகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். வீட்டுக்காரர்கள் ஒரு பக்கம், சென்னையிலிருந்து பணம் போட வருகிறவர்கள் ஒரு பக்கம், படிப்பு முடித்த டிசைனர் பிள்ளைகள் ஒரு பக்கம். மூன்று தரப்பும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். இந்த ஊரில் இருந்துகொண்டு உள்வேலை, அதாவது இன்டீரியர் வேலை, எடுத்துச் செய்கிறவன் என்ற முறையில் என் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். சிலது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

தம்பி, வீடு பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஹோட்டலாக்க எதிலிருந்து ஆரம்பிப்பது?

பங்காளிகளிடமிருந்து. இந்த வீடுகளில் பெரும்பாலானவை ஒரே ஆளுக்குச் சொந்தமில்லை. பாட்டனார் கட்டினார், பிள்ளைகளுக்குப் பங்கானது, பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒரு அறை, அறைக்கு ஒரு பூட்டு. ஒருவர் கையெழுத்து வராமல் போனால் அந்த ஒரு அறைச் சாவி வராது, அந்த அறை சரியாக நீங்கள் வரவேற்பறைக்குக் குறித்து வைத்த இடமாக இருக்கும். அதனால் சோபா படத்தைப் பார்ப்பதற்கு முன் எல்லாப் பங்காளிகளின் சம்மதமும் எழுத்தில் வேண்டும், விற்பனையா நீண்ட கால குத்தகையா என்பது முடிவாக வேண்டும்.

இன்னொன்றும் அதே பேச்சில் முடித்துவிடுங்கள். சாமி அறை யாருக்கு? முன்னோருக்குப் படைப்பு நடக்கிற நாளில் வீடு குடும்பத்துக்குத் திரும்ப வருமா? வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய நடுப்பகுதியில், கல்யாணம் வைத்துக்கொள்ள உரிமை உண்டா? இதை வக்கீல் விஷயம் என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் சாமி அறை விருந்தினர் நடக்கும் வழியில் இருக்கிறதா, தனிக் கதவு வைக்க வேண்டுமா, வளவில் தூக்க முடியாத கனத்தில் சாமான் போடலாமா என்பதெல்லாம் இந்த பதிலைப் பொறுத்துத்தான் வரையப்படும்.

அப்புறம்? கலர் தேர்வு, ஃபர்னிச்சர் தேர்வுதானே?

இல்லை. ஓடு, தண்ணீர், வடிகால். நாட்டு ஓடு பெயர்ந்த இடத்தில் ஒழுகி, விட்டம் உளுத்திருக்கும். முற்றத்துத் தண்ணீர் போகிற வழி அடைத்திருக்கும். இங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது, அந்த ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டைப் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பிப்பவர்களைத்தான் நான் புத்திசாலிகள் என்பேன். எங்கே கசிகிறது என்று கோடையில் எந்த நிபுணர் வந்தாலும் பாதிதான் கண்டுபிடிப்பார்.

எந்த இடத்தை எதற்கு வைத்துக்கொள்வது?

வீடே பாதி பதில் சொல்லிவிடும். முகப்பும் திண்ணையும் வெளி ஆட்களை உட்கார வைத்துப் பேசுவதற்காகக் கட்டியவை, வரவேற்பு அங்கேதான் நடக்க வேண்டும். கண்ணாடிக் கதவு போட்டு உள்ளே பெரிய கவுன்டர் வைக்காதீர்கள். ஒரு மர மேசை, ஒரு நாற்காலி, ஒரு டம்ளர் பானகம் போதும், மற்ற கணக்கு வழக்கெல்லாம் பின்னால் ஒரு அறையில் நடக்கட்டும். செட்டியார்கள் வட்டிக்கடைக் கணக்கையே தரையில் உட்கார்ந்து சாய்வு மேசையில் எழுதியவர்கள், உங்களுக்கு ஏன் ஆளுயர கவுன்டர்?

அடுத்தது வளவு. நடுவில் முற்றம், சுற்றிலும் தூண் நிறுத்திய தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக அறைகள். இதைக் காலியாக விடுங்கள் என்று சொன்னால் முதலீட்டாளர் முகம் வாடும். சதுர அடிக்குக் காசு போட்டவருக்குக் காலி இடம் நஷ்டமாகத்தான் தெரியும். ஆனால் வருகிற விருந்தினர் இரவுக்கு அத்தனை ஆயிரம் கொடுப்பது அந்த வெற்றிடத்துக்காகத்தான். சோபா செட், பித்தளை உருளியில் பூ, மூலைக்கு மூலை நடராஜர், தொங்கும் குடை, பொய்க்கால் குதிரை என்று நிரப்பிவிட்டால் அது கண்காட்சி அரங்கு ஆகிவிடும். தாழ்வார ஓரமாகச் சில சாய்வு நாற்காலிகள், ஒரு ஊஞ்சல், அவ்வளவு போதும். ஊஞ்சல் மாட்டும் முன் விட்டத்தையும் கொக்கியையும் ஆசாரி ஒருவர் ஏறித் தட்டிப் பார்க்க வேண்டும், பழைய கொக்கி இருக்கிறது என்பதற்காக அப்படியே சங்கிலி மாட்டக்கூடாது.

இரண்டாம் கட்டு பந்தி நடந்த இடம், சாப்பாட்டுக்கு அதுவே பொருத்தம். மூன்றாம் கட்டும் அடுப்படியும் சமையலுக்கு. இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதை வெளியூர் டிசைனர்கள் கவனிப்பதில்லை. பெரிய வீடுகள் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன் வாசல் விருந்தினருக்கு என்றால், பின் வாசல் காய்கறி வண்டிக்கும் சலவைத் துணிக்கும் சிலிண்டருக்கும். நகர ஹோட்டல்கள் கோடி செலவழித்துக் கட்டும் சர்வீஸ் வழியை அந்தக் காலத்துக் கொத்தனார் சும்மா கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பின் வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு, அழுக்குத் துணியை வளவு வழியாகத் தூக்கிப் போகும் ஹோட்டலையும் பார்த்திருக்கிறேன்.

அறைகள் ரொம்பச் சின்னதாக இருக்கின்றனவே?

ஆமாம், வளவைச் சுற்றிய அறைகள் தங்குவதற்காகக் கட்டியவை அல்ல. ஒரு குடும்பத்தின் சாமான், நகை, சீர்வரிசைப் பாத்திரம் வைத்துப் பூட்டவும், இரவில் தம்பதி படுக்கவும் கட்டியவை. பகல் வாழ்க்கை முழுக்க வளவில்தான். அதனால் ஒரு அறையை மட்டும் வைத்து ஐந்து நட்சத்திர அறை செய்ய முடியாது. வழக்கமான தீர்வு, அடுத்தடுத்த இரண்டு அறைகளை இணைப்பது: ஒன்றில் கட்டில், ஒன்றில் குளியலறையும் துணி அலமாரியும். நடுச் சுவரை முழுக்க இடிக்க வேண்டியதில்லை, இடிக்கவும் கூடாது, மேல்தளத்தின் பாரம் அதில் இறங்குகிறது. பொறியாளரைக் கேட்டு ஒரு கதவளவு திறப்பு மட்டும் எடுங்கள். வளவுப் பக்கத்து நிலைகள் இரண்டும் அப்படியே இருக்கட்டும், ஒன்று திறக்கும், ஒன்று உள்ளே தாழ் போட்டுச் சும்மா நிற்கும். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு வீட்டின் வரிசை கலையாது.

மாடியில் பெரிய ஹால் இருந்தால் அதைத் தட்டி வைத்து நாலாக்காதீர்கள். ஒரே பெரிய சூட் அறையாக விடுங்கள். கூரைக்கு அந்த உயரம் இருக்கும்போது குறுக்கே தட்டி வைத்தால் கிணற்றுக்குள் படுத்தது போல இருக்கும்.

குளியலறைதான் பெரிய தலைவலி என்கிறார்கள், உண்மையா?

உண்மை. இந்த வீடுகள் கட்டிய காலத்தில் குளியலும் கழிப்பறையும் பின்கட்டைத் தாண்டி, கிணற்றடி பக்கம். முன்பக்கத்துச் சுண்ணாம்புச் சுவர் எதுவும் உள்ளேயிருந்து தண்ணீரைப் பார்த்ததே இல்லை. அதில் இப்போது பத்து ஷவர் வைக்கிறோம்.

தரைத்தளத்தில் சமாளிக்கலாம். பழைய சுவரை ஒட்டி டைல்ஸ் பதிக்காமல், இரண்டு விரல் இடைவெளி விட்டு உள்ளே தனியாக ஒரு மெல்லிய சுவர் எழுப்பி, குழாய்களை அந்த இடைவெளியில் ஓட்டி, தண்ணீர் படும் பரப்பு முழுவதையும் அந்தப் புதுச் சுவரில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் குழாய் வெடித்தாலும் பழைய சுவர் தப்பிக்கும், பின்னால் யாராவது ஹோட்டலை மூடிவிட்டு மறுபடி வீடாக்க நினைத்தால் பெட்டி மாதிரி அப்படியே எடுத்தும் விடலாம். தரை வாட்டத்தைக் கூட்டி வையுங்கள். ஜன்னல் இல்லாத உள் அறை என்றால் காற்றை இழுத்து வெளியேற்றும் குழாய் மேலே ஓடு வரை போக வேண்டும், வளவுப் பக்கம் திறந்துவிடக் கூடாது. காலையில் வளவில் காபி குடிக்கிறவருக்கு அந்த வாடை தேவையில்லை.

மாடி விஷயம் வேறு. தேக்கு விட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை போட்ட தளமாக இருந்தால் அங்கே குளியலறை வைப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. மெல்லிய கசிவு போதும், மரத்தின் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், கீழே தெரிய வருவதற்குள் விட்டத்தின் முனை சுவருக்குள்ளேயே மக்கிப் போயிருக்கும். பக்கவாட்டில் அல்லது பின்புறம் தனி அஸ்திவாரத்தில் ஒரு சின்ன அடுக்கு கட்டி, எல்லா மாடிக் குளியலறையையும் அதில் வைத்துவிட்டு, மாடி அறையிலிருந்து ஒரு கதவு திறந்தால் போதும்.

பாத்டப் வேண்டுமா என்று கேட்பார்கள். ஊருணி வெட்டி, ஓட்டில் விழுந்த மழைத் தண்ணீரைத் தேக்கி வைத்து வாழ்ந்த வறண்ட நாடு இது. நல்ல ஷவர், உட்கார ஒரு கல் திண்டு, ஒரு செம்பு அண்டா, பெரிய ஜன்னல் இருந்தால் யாரும் பாத்டப்பைத் தேட மாட்டார்கள்.

சுவரெல்லாம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கிறது. மேலே பெயின்ட் அடிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். சுண்ணாம்பை நைசாக அரைத்து, கடுக்காய், வெல்லம் கலந்த தண்ணீரில் குழைத்து, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த பளபளப்பு அது. அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் சுவர் மூச்சுவிட வழியில்லாமல், ஈரம் உள்ளேயே தங்கி, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உரியும். சிமென்ட் வைத்து ஒட்டுப் போடுவதும் அதே கதை: சிமென்ட் இறுகும், சுற்றியுள்ள சுண்ணாம்பு உதிரும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைவு, கிடைத்தால் அவர் சொல்லும் தேதிக்கு உங்கள் திறப்பு விழாவைத் தள்ளி வையுங்கள்.

முக்கியமாக, இந்தச் சுவரில் வயருக்காகக் காடி வெட்டக் கூடாது. எவ்வளவு நன்றாகப் பூசி மறைத்தாலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் தழும்பு தெரியும். வயரைத் தரை ஓரமாகவோ, விட்டத்தின் மேல் பக்கமாகவோ, கதவு நிலையின் பின்னாலோ கொண்டு போங்கள். வழியே இல்லையென்றால் சுவருக்கு வெளியே பித்தளைக் குழாயில் நேராக, வெளிப்படையாக ஓட்டுங்கள், அது அசிங்கமில்லை. அரைகுறையாக மறைத்த வயர்தான் அசிங்கம்.

ஆத்தங்குடி கல் போடலாமா? சீக்கிரம் கறை பிடிக்கும் என்கிறார்களே?

போடலாம், ஆனால் அது என்ன பொருள் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். இது சூளையில் சுட்ட டைல்ஸ் இல்லை. கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, பூ அச்சுக்குள் கலர் சிமென்ட் கரைசலைக் கையால் ஊற்றி, மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, பின்பக்கம் கலவை வைத்து அமுக்கி, காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, பிறகு கண்ணாடியிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடியிடமிருந்து வந்தது. மேலே கோட்டிங் எதுவும் கிடையாது.

அதனால்தான் எலுமிச்சை, வினிகர், கழிப்பறை கழுவும் ஆசிட் பட்டால் சிமென்ட் அரித்து மங்கலாகிவிடும். உணவுக்கூடத்தில் ரசமும் எலுமிச்சையும் தினமும் சிந்தும், உடனே துடைக்க ஆள் இருந்தால் போடுங்கள். குளியலறைத் தரைக்கு வேண்டவே வேண்டாம், கறைக்கு மேல் வழுக்கும் பிரச்சனை வேறு. அங்கே சொரசொரப்பாக விட்ட கடப்பாக் கல் போதும். படுக்கையறை, தாழ்வாரம், முகப்பு இவற்றுக்கு ஆத்தங்குடியை மிஞ்ச ஒன்றும் இல்லை. வெறுங்காலில் நடக்க நடக்க மெருகேறும், பராமரிப்பு என்றால் ஈரத் துணியில் துடைத்துவிட்டு அவ்வப்போது ஒரு துளி தேங்காய் எண்ணெய். ஹவுஸ்கீப்பிங் கம்பெனி கொண்டுவரும் கலர் கலர் திரவங்களைக் கிட்டே விடாதீர்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது மூன்று விஷயம். கைவேலை என்பதால் ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் சாயல் மாறும், உடைவதற்கும் பின்னால் மாற்றுவதற்கும் சேர்த்துக் கொஞ்சம் அதிகமாக ஒரே சமயத்தில் வாங்கி வையுங்கள். மழைக்காலத்தில் காய்வதற்கு வெயில் கிடைக்காது, தாமதமாகும். கடைசியாக, கடையில் விற்கும் விட்ரிஃபைட் டைல்ஸை விட இது நன்றாகத் தடிமனானது, பழைய தரைமேல் அப்படியே ஒட்டினால் தரை உயர்ந்து கதவு இடிக்கும்.

டிசைன் பற்றி ஒரு வார்த்தை. ஒரே பார்வையில் இரண்டு தரைப் பூ வடிவங்களுக்கு மேல் தெரியக் கூடாது என்பது என் கணக்கு. பழைய வீடுகளில் முகப்புச் சுவரில் ஜப்பான் பூ டைல்ஸ், தரையில் இத்தாலிய மார்பிள், மேலே பெல்ஜியம் கண்ணாடி என்று எல்லாம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. கடல் கடந்து சம்பாதித்ததை ஊருக்குக் காட்டுவதற்காக முகப்பில் வைத்தார்கள், உள்ளே போகப் போக வீடு அடங்கிவிடும். வளவிலும் பின்கட்டிலும் எவ்வளவு எளிமை என்று பாருங்கள். அந்த இறங்குவரிசையைப் புது வேலையும் காப்பாற்ற வேண்டும்.

ஏ.சி. இல்லாமல் முடியாதா?

பகலில் வளவு தானே குளிரும். கனத்த சுவர், உயர்ந்த கூரை, சூடான காற்று முற்றத்து வழியே மேலேறிப் போகும். ஆனால் சித்திரை இரவில் அறைக் கதவைச் சாத்தியபின் விருந்தினர் ஏ.சி. கேட்பார், கொடுத்துத்தான் ஆக வேண்டும். கட்டில் தலைமாட்டில் வெள்ளைப் பெட்டி தொங்க வேண்டியதில்லை, மர அலமாரியின் மேல்தட்டில் அல்லது குளியலறையின் பொய்க் கூரையில் மறைத்துக் காற்றை மட்டும் உள்ளே விடலாம். குளிர்காற்று நேராகச் சிற்பக் கதவில் மோதக் கூடாது, மரம் காய்ந்து பொருத்துகள் பிரியும். வெளி யூனிட்டுகளைத் தெருப் பக்கம் மாட்டவே கூடாது. பல அறைகளை ஒரு யூனிட்டில் இணைக்கிற வகையை எடுத்துப் பின்கட்டுத் தரையில் வையுங்கள். மின்விசிறியை எடுத்துவிடாதீர்கள், பாதிப் பேருக்கு அதுவே போதும்.

முற்றத்தின் மேல் கண்ணாடியோ ஷீட்டோ போட்டு மூடிவிட்டால் மழை வராதே?

மழை வராது, சூடு போகாது. பாலிகார்பனேட் ஷீட் போட்ட வளவில் மத்தியானம் நின்று பாருங்கள், அடுப்படி தோற்கும். புறா, குரங்குத் தொல்லைக்குக் கம்பி வலை போதும்.

லைட்டிங் எப்படி?

பெரும்பாலான இடங்களில் கெட்டுப்போவது இதில்தான். பர்மா தேக்கு கறுத்த மரம், வெளிச்சத்தைக் குடிக்கும். முட்டைப் பூச்சுச் சுவரோ வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது கூரையில் வரிசையாக ஸ்பாட் லைட் பதித்தால் சுவர் கண்ணைக் கூசும், தூண் இருட்டாகவே நிற்கும். விளக்கைக் கூரையில் வைக்காமல் கீழே கொண்டு வாருங்கள்: தூணின் அடியில், மேசையில், மாடத்தில். வெளிச்சம் தூணில் ஏறி விட்டத்தின் அடிப்பக்கத்தைத் தொட வேண்டும்.

வெளிச்சத்தின் நிறத்துக்கு, மஞ்சள் சாயலான 2700 கெல்வின், குளியலறைக்கு வேண்டுமானால் 3000. 6500 வெள்ளை விளக்கில் தேக்கு சாம்பல் பூத்த மாதிரி தெரியும், நாட்டுக்கோழிக் குழம்பும் அப்படித்தான். பல்பு வாங்கும்போது நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான சி.ஆர்.ஐ. எண்ணைப் பாருங்கள், 90க்குக் கீழ் வேண்டாம். டிம்மர் கட்டாயம். ஸ்விட்சுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: கட்டிலில் படுத்தபடி எல்லா விளக்கையும் அணைக்க ஒரே ஒரு ஸ்விட்ச் இருக்க வேண்டும், இருட்டில் எழுந்து குளியலறைக்குப் போகத் தரையோரம் ஒரு சின்ன விளக்கு வேண்டும், ஏனென்றால் இந்த வீடுகளில் வாசலுக்கு வாசல் நிலைப்படி உண்டு, கால் இடறும்.

பழைய சாண்டிலியர் இருந்தால் வயரைப் புதிதாக மாற்றாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். பல இடங்களில் அதை ஏற்றாமல் தொங்கவிடுவதே அழகு, பக்கத்து வெளிச்சம் கண்ணாடியில் பட்டால் போதும்.

பக்கத்து அறைப் பேச்சு கேட்கிறது என்று விருந்தினர் புகார் சொல்கிறார்கள். என்ன செய்வது?

கல் தரை, வழவழச் சுவர், மரக் கூரை, நடுவில் திறந்த முற்றம். வளவில் ஒருவர் தும்மினால் எல்லா அறைக்கும் பங்கு உண்டு. ஒரு காலத்தில் ஒரே குடும்பம் என்பதால் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை, இப்போது எட்டு அறையில் எட்டு ஊர்க்காரர்கள்.

பழைய இரட்டைக் கதவின் நடுவிலும் கீழேயும் விரல் போகும் சந்து இருக்கும். அந்தக் கதவைத் தொடாமல், சுவரின் கனத்துக்குள்ளேயே உட்பக்கம் இன்னொரு கதவு மாட்டலாம், ஓரமெல்லாம் ரப்பர் பட்டையோடு. அறைக்குள் கனத்த திரை, கட்டிலின் தலைமாட்டுக்குத் துணி சுற்றிய பலகை, தரையில் பவானி ஜமக்காளம். பொது இடத்தில் துணி அதிகம் போட முடியாது, அங்கே ஒழுங்குதான் மருந்து: இரவு ஒன்பதுக்கு மேல் ஊழியர் பேச்சு பின்கட்டில், காலை மிக்ஸி ஏழுக்கு மேல், சக்கரம் வைத்த பெட்டியைத் தாழ்வாரத்தில் இழுக்காமல் தூக்கிக்கொண்டு போவது. டிசைனர் இதைச் சொன்னால் மேனேஜருக்குக் கோபம் வரும். வரட்டும்.

காரைக்குடியில் பழம்பொருள் வாங்கி வைக்கலாமா?

முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நடை போனாலே தலை சுற்றும்: தேக்குப் பெட்டகம், எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா அச்சுப் படம், பீங்கான் ஜாடி, கதவு, தூண். வாங்கலாம். ஆனால் உபயோகம் இருக்கிற சாமானாக வாங்குங்கள். பெட்டகத்தில் படுக்கைத் துணி இருக்கட்டும், எனாமல் தட்டில் பலகாரம் வரட்டும். சும்மா அடுக்கி வைத்தால் கடையை நீங்களும் திறந்த மாதிரிதான்.

இரண்டு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். ஒன்று, யாரோ ஒரு குடும்பத்தின் பழைய புகைப்படத்தை, தலைப்பாகை கட்டிய ஐயாவும் நகை போட்ட ஆச்சியும் உட்கார்ந்திருக்கும் படத்தை, அழகாக இருக்கிறது என்று வாங்கி உங்கள் ஹோட்டல் சுவரில் மாட்டாதீர்கள். அந்தக் குடும்பத்தின் பேரன் ஒரு நாள் சாப்பிட வரலாம். இந்த வீட்டுக் குடும்பத்தின் படத்தை அவர்கள் சம்மதத்தோடு மாட்டுங்கள், கீழே பெயரும் ஊரும் எழுதுங்கள். இரண்டு, இன்னொரு வீட்டை இடிக்க வைத்துத் தூண் வாங்காதீர்கள். தேவை பெருகினால் இடிப்பும் பெருகும். செட்டிநாட்டு ஊர்களின் தொகுதி 2014இலேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் ஏறியது, ஆனால் பட்டியல் எந்த ஜேசிபியையும் நிறுத்தாது.

வெளிநாட்டு விருந்தினர் உங்களிடம் வாங்கிப் போக ஆசைப்பட்டால், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் நாட்டை விட்டு எடுத்துப்போக 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது என்பதைச் சொல்லிவிடுங்கள்.

துணிகளுக்குக் கண்டாங்கி?

கட்டிலின் கால்மாட்டு விரிப்பு, தலையணை உறை, ஊஞ்சல் மெத்தை இதற்கெல்லாம் அருமை. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் சோபா உறைக்கு அந்தப் பருத்தி தாங்காது, ஹோட்டல் சோபாவில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் உட்கார்ந்து எழுகிறார்கள். ஜன்னல் வெயிலில் வெளிறவும் செய்யும். சோபாவுக்குக் கனமான, நிறமில்லாத துணியைப் போட்டுவிட்டு மேலே கட்டம் போட்ட திண்டு ஒன்று வையுங்கள். கழிவுக் கூடைக்கும் சலவைக் கூடைக்கும் பனையோலைக் கொட்டான் மாதிரி முடைந்து தரச் சொல்லலாம், இங்கே பின்னுகிற பெண்கள் இருக்கிறார்கள்.

சாப்பாட்டுக் கூடம்?

செட்டிநாட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சாப்பாட்டுக்காக வருகிறார்கள், ஆனால் பல ஹோட்டல்களில் மேசை அளவு காபி ஷாப் அளவு. தலைவாழை இலை போட்டால் ஆளுக்கு இரண்டரை அடி அகலம் வேண்டும். எதிரெதிரே உட்கார வைத்தால் இலைகள் முட்டாத ஆழம் வேண்டும். பந்தி முறையில் ஒரு பக்கம் மட்டும் நாற்காலி போட்டு, பரிமாறுகிறவர் எதிர்ப்பக்கம் நடக்க வழி விட்டால் குழம்பு தோளுக்கு மேலிருந்து இறங்காது, பரிமாறும் ஆச்சி முகம் பார்த்து “இன்னும் கொஞ்சம்” என்று கேட்கவும் முடியும். கை கழுவும் இடம் கூடத்தை ஒட்டியே இருக்க வேண்டும், கழிப்பறைக்குள் அனுப்பாதீர்கள். நாற்காலிக்குக் கைப்பிடி வேண்டாம், கையால் சாப்பிடுகிறவருக்கு இடிக்கும்.

வயதானவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள்?

நிலைப்படியை வெட்டச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் வீட்டுக்காரர் விடமாட்டார். ஆனால் ஒரு அறையாவது படி இல்லாமல் போய்ச் சேர முடிய வேண்டும். பெரும்பாலும் பக்கச் சந்தில் அல்லது பின்வாசலில் அதற்கு வழி கிடைக்கும், அந்த அறைக் கதவு மூன்றடி அகலமாக இருக்கட்டும். மற்ற படிகளுக்கு, வேண்டும்போது எடுத்துப் போடக்கூடிய மரச் சரிவுப் பலகை. இரவில் கனத்த முன்கதவைத் தாழ் போட்டுப் பூட்டினால் தீ விபத்தில் எப்படி வெளியே ஓடுவது என்பதையும் சேர்த்தே யோசியுங்கள், பின்பக்கம் உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும் கதவு ஒன்று கட்டாயம்.

ஹெரிடேஜ் ஹோட்டல் என்று போட்டுக்கொள்ள ஏதாவது விதி உண்டா?

சுற்றுலா அமைச்சகத்தின் வகைப்பாட்டுக்குக் கட்டடம் 1950க்கு முன் கட்டியதாக இருக்க வேண்டும். முகப்பும் கட்டட அம்சங்களும் அந்தப் பகுதியின் தன்மையைக் காட்ட வேண்டும். புதிதாகச் சேர்க்கும் பகுதியும் பழையதோடு ஒத்துப் போக வேண்டும்.

போய்ப் பார்க்க எந்த ஹோட்டல்கள்?

கானாடுகாத்தானில் விசாலம், ஒரு தந்தை மகளுக்காகக் கட்டிய வீடு, நேர்கோடுகளும் எளிய வடிவங்களுமான ஆர்ட் டெக்கோ பாணி. எல்லாச் செட்டிநாட்டு வீடும் பூவேலைத் தூண்தான் என்ற நினைப்பை அது மாற்றும். கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் எடுத்துச் சீர்செய்தது. எதைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவே போகலாம். காரைக்குடியில் பங்களா, வீட்டு விருந்து மாதிரியான சாப்பாட்டுக்கு. திருமயம் பக்கம் கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், பிரம்மாண்டத்துக்கு. போனால் ஃபோட்டோ எடுத்துவிட்டு வராமல் ஒரு ராத்திரி தங்குங்கள். ஸ்விட்ச் எங்கே, தண்ணீர் எவ்வளவு நேரத்தில் சூடாகிறது, கதவு எப்படிச் சத்தம் போடுகிறது என்பதெல்லாம் ராத்திரிதான் தெரியும்.

காலி மனையில் புதிதாகக் கட்டிச் செட்டிநாட்டுப் பாணி கொடுக்கலாமா?

கொடுக்கலாம், தூணை வாங்கி ஒட்டாமல். பத்தடிக் கூரையின் கீழ் பழைய வீட்டுத் தூணை வெட்டி நிறுத்தினால் குள்ளமாக நிற்கும். முதலில் உயரம், வெளிச்சம் வரும் திசை, நடுவில் முற்றம், ஒரு கோட்டில் வரிசையாக வாசல்கள், வெளியிலிருந்து உள்ளே போகப் போகக் குறையும் அலங்காரம். இவ்வளவும் இருந்தால் ஒரு செதுக்கல்கூட இல்லாமலே இந்த ஊர் வீடு மாதிரி இருக்கும்.

சதுர அடிக்கு என்ன ரேட்?

வீட்டைப் பார்க்காமல் ரேட் சொல்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள். ஓட்டைத் திறக்கும் வரை மரத்தின் நிலை யாருக்கும் தெரியாது. கூரை, வடிகால், மின்சாரம், குழாய் இந்த நாலுக்கும் தனியாக ஒரு மதிப்பீடு வாங்குங்கள், அலங்காரத்துக்குத் தனியாக. காசு பற்றாமல் போனால் இரண்டாவதில் வெட்டுங்கள். சாய்வு நாற்காலியை அடுத்த வருஷம்கூட வாங்கிக்கொள்ளலாம்.

திறந்த பிறகு யாரை வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும்?

மாதச் சம்பளத்துக்கு ஒரு ஆசாரி, கூப்பிட்டால் வருகிற சுண்ணாம்புக் கொத்தனார் ஒருவர், மழைக்கு முன்னால் ஓடு மாற்றுகிற ஆள். கறையான் மருந்து வருஷம் தவறாமல். அப்புறம், இந்த வீட்டில் முன்பு காவல் இருந்தவர் ஊரில் இருந்தால் அவரையே அழைத்து வாருங்கள், எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பது அவருக்குத்தான் தெரியும்.